பழவேற்காட்டில் வேலையில்லாதவர் யார்?

பழவேற்காடு கடைத்தெருவில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் மடவை வாங்கிக்கொண்டிருந்தேன். மீனைச் சுற்ற அவர் எடுத்த செய்தித்தாளில் நாட்டின் பொருளாதாரம் பற்றி ஒரு தலைப்பு. நான் அதை எட்டிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி போட்டிருக்கான்?" என்று கேட்டார். "நாடு நல்லா வளருதாம், விலைவாசி ஏற்றம் குறைஞ்சிருக்காம், வேலையில்லாதவங்க நூத்துல மூணு பேர்தானாம்மா" என்றேன். அவர் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, "யாரைப் போய் எண்ணினாங்களாம்?" என்றார்.

கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் அது சரியான கேள்வி. நான் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். ஆபீஸில் டேஷ்போர்டு முழுக்கப் பச்சையாக இருக்கும், வாடிக்கையாளர் போன் போட்டு "ஒண்ணுமே ஓடலை" என்பார். அப்படி நடந்தால் டேஷ்போர்டு பொய் சொல்கிறது என்று அர்த்தமில்லை. அந்த எண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று நாம் பார்க்காமல் விட்டிருப்போம், அவ்வளவுதான். வேலையின்மை விகிதம், பணவீக்கம், ஜிடிபி மூன்றும் இப்படிப்பட்ட எண்கள்தான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. கேள்வி தெரியாமல் பதிலை மட்டும் படிப்பதால்தான் குழப்பம். அந்த மூன்று கேள்விகளையும் பழவேற்காட்டில் வைத்தே பார்ப்போம்.

முதலில் ஊர்

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்முனை மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் தீவுதான் ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா. கடல்நீர் ஏரிக்குள் வந்துபோக வழி முகத்துவாரம். கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் இந்த வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து திரும்பக் கடலுக்குப் போகும். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் இந்தப் போக்குவரத்து நின்றுவிடும். இறால் குறையும், ஊரின் வருமானமும் குறையும்.

இந்த ஏரியை நம்பிப் பிழைப்பவர்கள் பலவகை. ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர்கள், ஏரிக்குள் வலை போடுகிறவர்கள், வலையே இல்லாமல் தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள், மீன் விற்கிற பெண்கள், கருவாடு போடுகிறவர்கள், பனை ஓலைக் கூடை பின்னுகிறவர்கள். இவர்களில் யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை?

வேலையின்மை: "போன வாரம் ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?"

விகிதம் போடுவது சுலபம். ஓர் ஊரில் 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் 100 பேர் என்று வையுங்கள். 60 பேர் வேலை செய்கிறார்கள். 2 பேர் வேலை தேடுகிறார்கள். மீதி 38 பேர் படிக்கிறார்கள், வீட்டைப் பார்க்கிறார்கள், வயதாகிவிட்டது, இப்படி ஏதோ ஒன்று. வேலை செய்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்த 62 பேர்தான் உழைப்பாளர் எண்ணிக்கை. வேலையின்மை விகிதம் 2/62, அதாவது 3.2 சதவீதம். அந்த 38 பேர் கணக்கிலேயே வரமாட்டார்கள். தேடித் தேடி அலுத்துப்போய் ஒருவர் தேடுவதை நிறுத்தினால் அவரும் அந்தப் பக்கம் போய்விடுவார், விகிதம் குறைந்துவிடும்!

இந்தியாவில் இதை எண்ணுவது தேசியப் புள்ளியியல் அலுவலகம். 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறை உழைப்பாளர் ஆய்வு மூலம் எண்ணுகிறார்கள். இதில் இரண்டு அளவுகோல் முக்கியம். ஒன்று 'வழக்கமான நிலை': கடந்த 365 நாளில் பெரும்பாலும் என்ன செய்தீர்கள் என்று பார்ப்பது. துணை வேலை 30 நாள் செய்திருந்தாலும் வேலையில் இருப்பவர்தான். இன்னொன்று 'வார நிலை': கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் வேலையில் இருப்பவர். 2023-24இல் முதல் அளவுகோலில் 3.2 சதவீதம், இரண்டாவதில் 4.9 சதவீதம். அதே நாடு, அதே மக்கள், கேள்வி மட்டும் வேறே.

ஒரு மணி நேரம் என்பது நம்ம அரசாங்கம் புதிதாகக் கண்டுபிடித்த தந்திரம் கிடையாது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் இலக்கணமும் அதுதான். மாதச் சம்பளக்காரர் நிறைந்த நாட்டில் அது ஓரளவு பொருந்தும். அங்கே வேலை போனால் முழுசாகப் போகும், அரசு உதவித்தொகை வாங்கிக்கொண்டு அடுத்த வேலை தேடலாம். பழவேற்காட்டில் அப்படி இல்லை. இங்கே வேலை போகாது, மெலியும்.

இதற்கு நல்ல உதாரணம் பாடு முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் போன்ற ஊர்களில் தலைமுறைகளாக இருக்கும் ஏற்பாடு இது. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களை யாரும் தனதாக்கிக்கொள்ள முடியாது. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் முறை வைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். முறை வந்தவர் வலை போடலாம். வராதவர் அந்த இடத்தில் கைவைக்கக் கூடாது.

இப்போது மீன் குறைகிறது என்று வையுங்கள். ஒரு கம்பெனியாக இருந்தால் பத்துப் பேரில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள், வேலையின்மை 30 சதவீதம் என்று வெளியே தெரியும். பாடு முறையில் யாரையும் அனுப்ப மாட்டார்கள். பத்துப் பேரும் முறை வைத்து வலை போடுவார்கள், ஆளுக்குக் கிடைப்பது குறையும். வாரத்தில் ஒரு முறை வந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தாகிவிட்டது. ஆக, பத்துப் பேரும் 'வேலையில் இருப்பவர்கள்'. நஷ்டம் மொத்தமும் வருமானத்தில் ஒளிந்துகொள்கிறது. வேலையின்மை எண்ணில் ஒரு துளி தெரியாது.

மனிதாபிமானமாகப் பார்த்தால் பாடு முறை அழகானது, யாரும் பட்டினி கிடக்கக் கூடாது என்கிற ஏற்பாடு. (அந்த உரிமை குறிப்பிட்ட சமூகத்து ஆண்களுக்குத்தான், பெண்களுக்கும் மற்ற சமூகத்தாருக்கும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) ஆனால் கஷ்டத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஊரில் வேலையின்மை விகிதத்தை வைத்துக் கஷ்டத்தை அளக்க முடியாது. 2023-24 ஆய்வின்படி நாட்டில் வேலை செய்பவர்களில் சுமார் 58 சதவீதம் பேர் சுயதொழில்காரர்கள். எனவே இது பழவேற்காட்டுக்கு மட்டுமான விஷயமில்லை.

தடைக்காலத்தையும் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. காசிமேட்டில் விசைப்படகில் கூலிக்குப் போகும் ஒருவரை மே மாதம் ஆய்வாளர் சந்திக்கிறார். வருடக் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். வாரக் கணக்கில், வேலைக்குத் தயாராக இருந்தும் ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை என்றால் வேலையில்லாதவர். அதே வாரம் ஒரு மதியம் கூலிக்கு வலை கட்டியிருந்தால் மறுபடியும் வேலையில் இருப்பவர்!

பெண்கள் கணக்கு இன்னும் சிக்கல். கூடையில் மீன் விற்கும் அம்மா வேலையில் இருப்பவர். புருஷன் படகுக்குச் சம்பளமில்லாமல் உதவுபவரும், சரியாகக் கேட்டு எழுதினால், குடும்பத் தொழில் உதவியாளர் என்று வேலைக் கணக்கில் வருவார். ஆனால் வீட்டுக் குழம்புக்கு மட்டும் ஏரியில் மீன் தடவி எடுத்து வருபவர் 'வீட்டு வேலையோடு இலவசமாகப் பொருள் சேகரிப்பவர்' என்கிற வகையில் போய், உழைப்பாளர் எண்ணிக்கைக்கே வெளியே நிற்கிறார்.

பணவீக்கம்: "யாருடைய கூடையின் விலை?"

நுகர்வோர் விலைக் குறியீடு என்பது ஒரு கூடை. சராசரிக் குடும்பம் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று ஆய்வு செய்து அந்தக் கூடையை நிரப்புகிறார்கள். 2012ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில், நாடு முழுவதற்குமான கூடையில் உணவு, பானத்தின் எடை 45.86 சதவீதம். கிராமத்துக்கு மட்டும் எடுத்தால் 54.18. இறைச்சியும் மீனும் சேர்ந்து 3.61 சதவீதம். இந்தக் கூடையின் விலை ஒரு வருடத்தில் எத்தனை சதவீதம் ஏறியது என்பதுதான் பணவீக்கம். 4 சதவீதம், கூடவோ குறையவோ 2 என்பது ரிசர்வ் வங்கிக்கு 2016 முதல் கொடுக்கப்பட்டிருக்கும் இலக்கு.

முதல் குழப்பம் இங்கே. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று அர்த்தமில்லை, ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். 2024 அக்டோபரில் பணவீக்கம் 6.21 சதவீதம். 2025 அக்டோபரில் வெறும் 0.25. கேட்டால் பிரமாதமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2023 அக்டோபரில் கூடை 100 ரூபாய் என்றால், 2024இல் 106.21, 2025இல் சுமார் 106.48. ஏறிய ஆறு ரூபாய் அப்படியே இருக்கிறது. முந்தைய வருடம் எகிறியிருந்ததால் இந்த வருட ஒப்பீடு சின்னதாகத் தெரிகிறது.

இரண்டாவது, மீனவர் வாங்குபவர் மட்டும் இல்லை, விற்பவரும்கூட. இறால் விலை ஏறினால் சென்னையில் இருக்கும் எனக்குப் பணவீக்கம், அவருக்கு வருமானம். ஆனால் அதிலும் ஒரு கொக்கி. சென்னைக் கடையில் நான் கொடுக்கும் விலை வேறு, கரையில் அவர் கையில் விழும் விலை வேறு. முன்பணம் வாங்கியிருந்தால் கொடுத்தவர் சொல்லும் விலைக்குத்தான் போடவேண்டியிருக்கும். குறியீடு பார்ப்பது கடை விலையை.

மூன்றாவது, அவருடைய பெரிய செலவுகளான படகு டீசல், வலை, ஐஸ், இன்ஜின் ரிப்பேர் எதுவும் அந்தக் கூடையில் இல்லை. இவை தொழில் செலவு, குடும்ப நுகர்வு இல்லை என்பதால் இலக்கணப்படி சரிதான். ஆனால் அரிசி விலை ஏறாமல் வலை விலை மட்டும் ஏறும் வருடத்தில், குறியீட்டில் எல்லாம் அமைதியாக இருக்கும், குப்பத்தில் இருக்காது.

இது நிஜமாகவே கையைக் கடிக்கும் இடம் நிவாரணத் தொகை. தமிழக அரசின் தடைக்கால நிவாரணம் பல வருடம் 5,000 ரூபாயாக இருந்தது, இப்போது 8,000. ஒரு தொகையை ரூபாயில் நிர்ணயித்து அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்? வருடத்துக்கு 5 சதவீதம் பணவீக்கம் என்று வைத்துக்கொண்டால், ஆறு வருடம் கழித்து அந்த 5,000த்தின் வாங்கும் சக்தி சுமார் 3,730 ரூபாய். யாரும் உத்தரவு போட்டுக் குறைக்கவில்லை, தானாகக் கரைந்தது. 8,000 என்பதையும் 61 நாளால் வகுத்தால் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 131 ரூபாய். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 319 ரூபாய். விலைக் குறியீட்டைத் திட்டுவதைவிட, நிவாரணத்தை அந்தக் குறியீட்டோடு கட்டிவிடச் சொல்லிக் கேட்பது உபயோகமானது. அரசு ஊழியர் அகவிலைப்படி அப்படித்தான் ஏறுகிறது. மீனவர் நிவாரணம் ஏன் ஏறக்கூடாது?

உற்பத்தி: "இந்த வருடம் எவ்வளவு மதிப்பு உருவானது?"

ஜிடிபி என்றால் ஒரு வருடத்தில் நாட்டுக்குள் உருவான மதிப்பின் கூட்டுத்தொகை. 'உருவான மதிப்பு' என்பதைக் கவனியுங்கள். 30,000 ரூபாய்க்கு இறால் விற்றார், டீசலுக்கும் ஐஸுக்கும் 12,000 போனது என்றால் அவர் உருவாக்கியது 18,000. டீசலின் மதிப்பு ஏற்கனவே வேறு இடத்தில் எண்ணப்பட்டுவிட்டது, இரண்டு தடவை எண்ணக்கூடாது.

அடுத்து, பணமாகப் பார்ப்பதா, பொருளாகப் பார்ப்பதா? புரிந்துகொள்ள வசதியாகச் செலவை விட்டுவிடுவோம். போன வருடம் 100 கிலோ இறால், கிலோ 300 ரூபாய், மொத்தம் 30,000. இந்த வருடம் 80 கிலோதான், விலை 400, மொத்தம் 32,000. நடப்பு விலையில் கிட்டத்தட்ட 7 சதவீத வளர்ச்சி. போன வருட விலையிலேயே வைத்தால் 80 கிலோ × 300 = 24,000, அதாவது 20 சதவீத வீழ்ச்சி. ஒரே வலை, ஒரே ஏரி, இரண்டு எண். செய்தியில் 'உண்மை வளர்ச்சி' அல்லது 'நிலையான விலையில்' என்று வருவது இரண்டாவது வகை. அரசியல் மேடையில் லட்சம் கோடியில் வருவது பெரும்பாலும் முதல் வகை.

இன்னொரு விஷயம், கூட்டும்போது காணாமல் போவது. 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டு ஞாபகம் இருக்கிறதா? கொரோனா முழு அடைப்பு. முதல் மதிப்பீட்டின்படி ஜிடிபி 23.9 சதவீதம் விழுந்தது. ஆனால் 'வேளாண்மை, வனம், மீன்பிடி' என்கிற துறை 3.4 சதவீதம் வளர்ந்தது. படகுகள் கரையில் நின்ற காலத்தில் எப்படி? அந்தத் துறையில் மீன்பிடிப்பின் பங்கு சுமார் 7 சதவீதம்தான். நான் ஒரு உதாரணக் கணக்குப் போட்டேன்: மீன்பிடி 30 சதவீதம் விழுந்து, மீதி 93 பங்கு 6 சதவீதம் வளர்ந்தால், மொத்தம் சுமார் 3.5 சதவீத வளர்ச்சியாகத் தெரியும். கோதுமை அறுவடைக்குப் பின்னால் குப்பங்கள் மறைந்துபோகும்.

மீன் கணக்குக்குள்ளேயும் இதே கதை. நாட்டின் மீன் உற்பத்தி 2013-14இல் 95.79 லட்சம் டன், 2022-23இல் 175.45 லட்சம் டன். பெரிய வளர்ச்சிதான், மறுக்க முடியாது. ஆனால் அதில் 131 லட்சம் டன் உள்நாட்டு மீன், பெரும்பாலும் பண்ணைக் குளங்களில் வளர்த்தது. குளத்தில் தீவனம் போட்டு வளர்த்த மீனும் ஏரியில் தானாக வளர்ந்த மடவையும் ஒரே வரியில் கூடும்போது, ஒன்று ஏறி இன்னொன்று இறங்குவது வெளியே தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஏரி. படகு பழசாவதைத் தேய்மானம் என்று கழிக்க 'நிகர' உற்பத்தி என்று ஒரு கணக்கு உண்டு. ஏரி தூர்வதைக் கழிக்க இதுவரை வழக்கமான கணக்கில் இடமில்லை. முகத்துவாரம் அடைபட்டு மீன் குறைந்தால் அந்த அளவுக்கு உற்பத்தி குறையும், சரி. ஆனால் அடைப்பை எடுக்க மணல் வாரும் இயந்திரத்துக்குக் கொடுக்கும் பணம் உற்பத்தியில் கூடும். பழைய நிலைக்குத் திரும்பத்தான் செலவழித்தோம், கணக்கில் அது வளர்ச்சி. தேசிய வருமானக் கணக்கை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான சைமன் குஸ்நெட்ஸே 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில், இந்த எண்ணை மக்கள் நலனின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எச்சரித்திருந்தார். ஐ.நா. வழியாக 2025இல் ஏற்கப்பட்ட புதிய தேசியக் கணக்கு முறை, இயற்கை வளம் கரைவதை உற்பத்திச் செலவாகக் கழித்து நிகரக் கணக்குப் போடச் சொல்கிறது. தொண்ணூறு வருடம் ஆகியிருக்கிறது.

அப்போ இந்த எண்களை நம்பலாமா?

நம்பலாம், அவை கேட்ட கேள்விக்கு. ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றுவதா இறக்குவதா என்று முடிவெடுக்க நாட்டுக் கூடையின் விலைதான் வேண்டும், கோட்டைக்குப்பத்துக் கூடை இல்லை. பிரச்சினை எப்போது வருகிறதென்றால், "உங்க ஊர்ல வேலையின்மை இல்லையே, அப்புறம் என்ன கஷ்டம்?" என்று அதே எண்ணைக் கொண்டுவந்து குப்பத்தில் கேட்கும்போது. துறைமுகம், நிவாரணம், முகத்துவாரம் எதுவானாலும் பேச்சுவார்த்தை மேசையில் எண் வைத்திருப்பவர் பேச்சுதான் எடுபடும். ஏரியை நம்பியிருப்பவர் கையில் அனுபவம் இருக்கிறது, எண் இல்லை.

அதனால் எனக்குத் தோன்றுவது இதுதான். ஊருக்கு ஒரு நோட்டு போதும். ஐந்து பத்தி: தேதி, எத்தனை பேர் வலை போட்டார்கள், எத்தனை கிலோ, கரையில் கிடைத்த விலை, டீசலும் ஐஸும் சேர்த்துச் செலவு. பாடு முறை வைத்திருக்கும் ஊருக்கு முறைக்கணக்கு எழுதுவது புதுசில்லை. மூன்று வருடம் விடாமல் எழுதினால், ஆளுக்கு எத்தனை நாள் வேலை என்பது தெரியும், அதுதான் அந்த ஊரின் நிஜமான வேலையின்மை. செலவு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது தெரியும், அது அவர்களுடைய பணவீக்கம். கிலோக் கணக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அவர்களுடைய ஜிடிபி, ஏரியின் உடல்நிலையும் அதுவே.

அன்றைக்கு அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. பையில் மடவையோடு பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன். அடுத்த முறை போகும்போது ஒரு நீள நோட்டு வாங்கிக்கொண்டு போவதாக இருக்கிறேன். எழுதுவார்களா என்று தெரியாது. "யாரைப் போய் எண்ணினாங்களாம்?" என்று கேட்டவர் எழுதுவார் என்று ஒரு நம்பிக்கை.